‘சேவைத் திலகம்’ போதும் சார், தலைவர் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மகளிர் தினத்துக்கு நீங்கள் போட்ட எட்டுப் பக்க இணைப்பை வரி விடாமல் படித்தேன். படிக்காமல் இருக்க முடியுமா, ஐந்தாம் பக்கத்தில் கீழ் மூலையில் என் படமும் இருந்ததே. படம் நன்றாகவே வந்திருக்கிறது, அதில் குறை இல்லை. தெருவில் நாலு பேர் பார்த்துவிட்டு விசாரித்தார்கள், என் தங்கை மகன் அதை வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டான், இரண்டு நாள் வீட்டில் ஒரே பெருமைதான். மூன்றாம் நாள் பரபரப்பெல்லாம் அடங்கின பிறகு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக இன்னொரு தரம் படித்தபோதுதான் சுருக்கென்றது. படத்துக்குக் கீழே இருந்த வரி இது: ‘இல்லத்தரசியாக இருந்தபடியே ஓய்வு நேரத்தில் ஏழைப் பெண்களுக்கு உதவிக்கரம் நீட்டும் சேவைத் திலகம்.’

ஓய்வு நேரமா? எனக்கா?

பேட்டி எடுக்க வந்தது சின்னப் பெண். நல்ல பிள்ளை, அதைத் திட்டிவிடாதீர்கள். ‘உங்க சேவையைப் பத்திச் சொல்லுங்கம்மா’ என்று கேட்டது. முக்கால் மணி நேரம் சொன்னேன். மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநராக இருந்த 14 வருஷத்தைப் பற்றிச் சொன்னேன், நூறு நாள் வேலைக் கூலிக்காக ஒன்றிய அலுவலகத்துப் படியில் உட்கார்ந்த கதையைச் சொன்னேன், அதையெல்லாம் அது நோட்டில் எழுதிக்கொண்டதையும் பார்த்தேன். அச்சில் வந்ததில் படியும் இல்லை, கூலியும் இல்லை. உதவிக்கரம் மட்டும் இருந்தது.

அந்தக் கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. 2012 என்று நினைவு. அன்றைக்கு நம் மாநிலத்தில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 132 ரூபாய். எங்கள் பெண்களுக்குக் கைக்கு வந்தது 85, 90. கேட்டால் ‘அளவு குறையுது’ என்பார்கள். ஒரு ஆள் ஒரு நாளைக்கு இவ்வளவு மண் வெட்ட வேண்டும் என்று கன மீட்டர் கணக்கு ஒன்று உண்டு, அளக்க வருகிறவர் டேப்பைப் பிடிப்பார், நோட்டில் குறிப்பார், போய்விடுவார். என்ன அளந்தார், எவ்வளவு எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. கண்மாய்க்குள் வெயிலில் நின்று வெட்டினவளுக்குத் தெரியாது, பெயர் எழுதுகிற பணித்தளப் பொறுப்பாளருக்கும் பாதிதான் தெரியும். எங்களில் பள்ளிக்கூடம் முடித்தவள் ஒருத்தி இருந்தாள், அவளை விட்டு நாங்களே ஒரு டேப் வாங்கி ஒரு வாரம் அளந்தோம். நாங்கள் அளந்ததற்கும் அவர்கள் எழுதினதற்கும் பொருத்தமே இல்லை. அடுத்த திங்கட்கிழமை அறுபது பெண்கள் வேலைக்குப் போகாமல் ஒன்றிய அலுவலகம் போனோம். கோஷம் எல்லாம் போடவில்லை, படியில் உட்கார்ந்தோம், அவ்வளவுதான். யாராவது உள்ளே போக வேண்டுமென்றால் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். ‘ஏம்மா, வழியை விட்டு ஓரமா உட்காருங்க’ என்றார் ஒருவர். ‘நாங்க ஓரமா உட்கார்ந்துதான் சார் இவ்வளவு நாள் கூலி குறைஞ்சது’ என்றாள் எங்களோடு வந்த ஒரு பாட்டி. சாயங்காலம் நாலு மணிக்கு அதிகாரி எங்களோடு ஜீப்பில் கண்மாய்க்கு வந்து, எல்லோர் கண் முன்னாலும் அளக்கச் சொன்னார். அந்த வாரம் கூலி 120க்கு மேல் வந்தது. தண்ணீரும் நிழலும் வேலை நடக்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும், அதையும் கேட்டு வாங்கினோம்.

இதில் சேவை எங்கே இருக்கிறது சொல்லுங்கள். எங்கள் கூலியை நாங்கள் கேட்டோம். நம் மாநிலத்தில் அந்த வேலைக்குப் போனவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள்தான், ஆகவே அந்தச் சண்டையும் பெண்கள் சண்டைதான். இதே காரியத்தை ஒரு ஆண் செய்திருந்தால் ‘தொழிலாளர் தலைவர்’ என்று போட்டிருப்பீர்கள். நான் செய்ததால் திலகம். திலகத்தை நெற்றியில் வைக்கலாம், அதை வைத்துக்கொண்டு ஒன்றிய அதிகாரி பி.டி.ஓ. முன்னால் போய் நிற்க முடியாது.

என் ஒருத்தி விஷயமாக இருந்தால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். அந்த இணைப்பிதழில் பெரிய பெண்களையும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள், அதுதான் பொறுக்கவில்லை. நீங்கள் மட்டும் என்று சொல்ல மாட்டேன், அரசாங்கமும் இதைத்தான் செய்துகொண்டு வருகிறது. சத்தியவாணி முத்து என்று ஒரு பெயர் இருக்கிறது. அது எனக்கு முதலில் எப்படித் தெரியும் தெரியுமா? இலவசத் தையல் மிஷின் வழியாக. எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு அவர் பெயரிலான திட்டத்தில் மிஷின் வந்தது, மனு எழுதிக் கொடுத்ததே நான்தான். ‘யாருக்கா இந்த அம்மா, டெய்லரா?’ என்று ஒருத்தி கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்: தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்து, தி.மு.க. தொடங்கின காலத்திலிருந்தே அதில் இருந்து, 1967இல் அண்ணா அமைச்சரவையில் அமைச்சராகி, அப்புறம் தன் மக்களுக்குக் கட்சியில் நியாயம் கிடைக்கவில்லை என்று சொல்லி 1974இல் வெளியே வந்து, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று தனிக் கட்சியே தொடங்கினவர் அவர். 1979இல் மத்திய அமைச்சராகவும் இருந்தார். ஆளுங்கட்சியில் அமைச்சர் பதவியில் இருந்துகொண்டு ‘எங்களுக்கு நியாயம் இல்லை’ என்று சொல்லி வெளியேறுவது லேசுப்பட்ட காரியமா? அப்படிப்பட்டவரைத் தையல் மிஷினோடு சேர்த்து வைத்துவிட்டோம். மிஷின் கொடுத்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, எங்கள் குழுவின் அந்த இரண்டு பேரும் அதை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்த மிஷின் மேல் ஒட்டியிருக்கிற பெயர் யாருடையது என்று அவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அப்படித்தான். 1989இல் தொடங்கி ரொம்ப வருஷம் அவர் பெயர் கல்யாண உதவித் திட்டத்துக்கு இருந்தது, 2011க்குப் பிறகு தாலிக்குத் தங்கமும் அதில் சேர்ந்தது, முதலில் 4 கிராம், 2016இல் 8 கிராம். கல்யாணப் பத்திரிகையோடு விண்ணப்பத்தில் அவர் பெயரைப் பூர்த்தி செய்த பெண்கள் எத்தனை லட்சம் இருப்பார்களோ. அவரோ சின்ன வயதிலேயே விலைக்கு விற்கப்பட்டு, கோயிலுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசியாக்குகிற வாழ்க்கைக்குள் தள்ளப்பட்டு, அதிலிருந்து தப்பி வெளியே வந்து, அந்த வழக்கத்தையே ஒழிக்கிறேன் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினவர். பேசுகிற இடத்திலெல்லாம் எதிர்ப்பு. நாவலும் எழுதினார். 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு 42 நாள் நடந்த படையில் அவரும் நடந்தார், அப்போது அவருக்கு 55 வயது. சிறைக்கும் போனார். இந்த அம்மாள் பெயரில் தாலிக்குத் தங்கம்! கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், அந்தத் திட்டத்தில் இவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள், அதனாலேயே எங்கள் ஊரில் சில பெண்கள் பத்தாவது வரை இழுத்துப் பிடித்துப் படித்தார்கள், கண்ணால் பார்த்தேன். 2022இல் அதைக் கல்யாணத்திலிருந்து எடுத்துக் கல்லூரிக்கு மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்களே, அது சரியான மாற்றம். இப்போது அந்த ஆயிரத்தை வாங்குகிற பிள்ளைகளிடமாவது இராமாமிர்தம் யார் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். என் பேத்தி முறையில் ஒருத்தி வாங்குகிறாள். ‘புதுமைப் பெண்’ என்கிற திட்டத்தின் பெயர் தெரியும், மூவலூர் தெரியாது.

முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி உங்கள் இணைப்பிதழில் அரைப் பக்கம். மகிழ்ச்சி. ‘கருணையே உருவான மருத்துவர்’, ‘அவ்வை இல்லத்தின் அன்னை’, ‘அடையாறு புற்றுநோய் மருத்துவமனை கண்ட தாயுள்ளம்’. எல்லாம் உண்மை. அவ்வை இல்லம் எப்படி வந்தது என்பதையும் இரண்டு வரி போட்டிருக்கலாம் இல்லையா? சும்மா ஒருநாள் கருணை பொங்கி அவர் அந்த இல்லத்தைத் தொடங்கவில்லை. 1926இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமனமாகி, பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண் என்று பெயர் பெற்று, சபையின் துணைத் தலைவராகவும் ஆகி, 1927இல் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய அம்மா அந்தச் சமூகத்தில் பிறந்தவர். அந்தச் சபையில் எழுந்து நின்று அதைப் பேசும்போது எதிரில் இருந்தவர்கள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் பேசினார். அந்த வாழ்க்கை வேண்டாம் என்று தப்பித்து வந்த சிறுமிகளுக்கு விடுதிகள் கதவைச் சாத்தின. அவர் தன் வீட்டுக் கதவைத் திறந்தார். அதுதான் அவ்வை இல்லம். அவர் சபையில் தொடங்கின சண்டை வீட்டு வாசலுக்கு வந்து நின்றது, அதையும் அவர் ஏற்றுக்கொண்டார். 1930இல் காந்தி கைதானபோது பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் முழுதாக வந்தது 1947இல். தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே 20 வருஷம். அந்த இருபது வருஷத்தில் எத்தனை கூட்டம், எத்தனை கடிதம், எத்தனை ஏச்சு. உங்கள் அரைப் பக்கத்தில் அந்த இருபது வருஷத்துக்கு ஒரு வரிகூட இடமில்லை. இப்போது அவர் பெயர் பிரசவ நிதியுதவித் திட்டத்தில் இருக்கிறது, அவர் டாக்டர், பொருத்தம்தான், விட்டுவிடுகிறேன்.

சேவை என்ற சொல்மேல் உனக்கு என்ன இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். வீட்டிலும் கேட்டார்கள். நானே பல வருஷம் அந்தச் சொல்லை ஆசையாகச் சுமந்தவள்தான். என் அனுபவத்தில் அந்தச் சொல் இரண்டு வேலை செய்கிறது. முதலாவது, கூலியை விழுங்கும். அங்கன்வாடி அக்காக்களைப் பாருங்கள். 1975இல் அந்தத் திட்டம் தொடங்கினது முதல் மத்திய அரசு அவர்களுக்குத் தருவதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை, மதிப்பூதியம். காலையில் பிள்ளைகளுக்குச் சமையல், எடை பார்த்தல், கர்ப்பிணிகள் கணக்கு, சத்துமாவு, இப்போது செல்போனில் பதிவு வேறு, எல்லாம் முழு நேர வேலை, பெயர் மட்டும் சேவை. அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. சேவை என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டால் அப்புறம் காசு கேட்க அவளுக்கே கூச்சம் வந்துவிடும், அந்தக் கூச்சத்தில்தான் எத்தனையோ திட்டங்கள் ஓடுகின்றன.

இரண்டாவது, கணக்குக் கேட்க முடியாது. இதைச் சொன்னால் எங்கள் ஆட்களே கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. எங்கள் குழுவிலேயே ஒரு தடவை பணம் காணாமல் போனது. வைத்திருந்தவள் எல்லோருக்கும் ஓடி ஓடி உதவி செய்கிறவள், ‘அவளைப் போய்க் கேட்கறதா, எவ்வளவு சேவை செஞ்சிருக்கா’ என்றே ஆறு மாதம் ஓடியது. கடைசியில் ஊக்குநர் என்கிற முறையில் நான் நோட்டைப் பிரித்து வைத்துக் கேட்டேன், அவள் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. பணம் வந்தது. பெண்கள் பதவிக்கு வந்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று நான் நம்புகிறவள் இல்லை, கமிஷன் வாங்குகிற கையில் வளையலும் இருக்கலாம். தலைவர் என்று எழுதினால்தான் ‘என்னம்மா செய்தீர்கள்’ என்று கேட்கவும் முடியும்.

இப்போது உள்ளாட்சிக்கு வருகிறேன், உங்கள் மேல் எனக்கு நேரடிப் புகார் இருப்பது இதில்தான். 1996இல் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு என்று நம் மாநிலத்தில் முதல்முதலாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2016இல் சட்டத்தைத் திருத்திப் பாதி இடம் என்று ஆக்கினார்கள். பாதி! ஊராட்சி மன்றத் தலைவர் இடங்களில் பாதி பெண்களுக்கு. ஆனால் எங்கள் பக்கத்து ஊராட்சி அலுவலகப் பலகையில் தலைவர் பெயருக்கு நேரே எழுதியிருந்த செல் நம்பரில் கூப்பிட்டால் எடுப்பது அவர் வீட்டுக்காரர். ‘தலைவர்தான் பேசறேன், சொல்லுங்க’ என்பார், கூச்சமே இல்லாமல். கிராம சபையில் நடு நாற்காலியில் அவர், ஓரத்தில் அந்த அம்மாள், முடிந்ததும் கையெழுத்துக்கு நோட்டு மட்டும் ஓரத்துக்கு வரும். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. பத்திரிகைக்காரர்களும் அந்த நம்பரில்தான் கூப்பிடுகிறீர்கள். ‘ஊராட்சித் தலைவரின் கணவர் கூறுகையில்’ என்று நீங்களே அச்சிடுகிறீர்கள், ஒரே மாதத்தில் மூன்று தடவை பார்த்துக் கத்தரித்து வைத்திருக்கிறேன். கலெக்டரின் மனைவி கூறுகையில் என்று எப்போதாவது போட்டிருக்கிறீர்களா?

அதே சமயம், வீட்டுக்காரரை ஓரத்தில் உட்காரச் சொல்லிவிட்டு நோட்டைத் தானே வாங்கிப் படித்த பெண்களும் எங்கள் ஒன்றியத்திலேயே இருந்தார்கள். இரண்டாவது தடவை பொதுத் தொகுதியில் நின்று ஜெயித்தவர்களும் உண்டு. அவர்கள் கதை உங்கள் இணைப்பிதழில் வராது. அவர்கள் சிரித்த முகமாகப் படத்துக்கு நிற்க மாட்டார்கள், குடிநீர்க் குழாய் டெண்டரைப் பற்றிப் பேசுவார்கள். தாழ்த்தப்பட்ட பெண்ணாக இருந்தால் நாற்காலியே சண்டை. 2020இல் கடலூர் மாவட்டத்தில் ஒரு ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்டிருந்த படம் நாடெங்கும் சுற்றியதே, நினைவிருக்கும். அவரைப் பற்றி அந்த வாரம் முழுக்க எழுதினீர்கள், ஐயோ பாவம் என்று. அவர் தேர்தலில் ஜெயித்து வந்தவர், அந்த ஊரின் தலைவர். அந்த ஊருக்கு அவர் என்ன செய்ய நினைத்தார் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

லீலாவதியை இணைப்பிதழில் தேடினேன். இல்லை. மதுரை வில்லாபுரம் மாமன்ற உறுப்பினர் லீலாவதி. நெசவுத் தொழிலாளி. நான் சொன்னேனே அந்த 1996 தேர்தல், அதில் ஜெயித்து வந்தவர். அப்போது நான் கல்யாணமான புதிதில் மதுரையில் குடியிருந்தேன், தண்ணீருக்குப் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. குடத்தை முந்தின நாள் ராத்திரியே வரிசையில் வைத்து, கயிற்றில் கட்டி, காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கின காலம். தண்ணீரை விற்பவர்களுக்கு அது நல்ல வியாபாரம். வில்லாபுரத்துக்கு மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வர வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார், அதற்கான வேலையும் நடந்தது. 1997 ஏப்ரல் 23 அன்று, பதவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், பட்டப்பகலில் தெருவில் வைத்து அவரை வெட்டிக் கொன்றார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் குடம் வைத்திருந்த பெண்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெற்றுக் குடத்தை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குள் போய்விட்டோம். ஒரு வார்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவதற்கு ஒரு பெண் கொடுத்த விலை அது. அவரை எந்தப் பட்டத்தில் அடைப்பீர்கள்? உதவிக்கரம் நீட்டினார் என்று எழுத முடியுமா? முடியாததால்தான் விட்டுவிட்டீர்களோ என்று தோன்றுகிறது.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் படம் முதல் பக்கத்திலேயே இருந்தது, ‘காந்தியப் பாட்டி’ என்று. பத்மபூஷண் வாங்கியவர், பாட்டியும்தான், மறுக்கவில்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, அதற்குப் பிறகு அவரும் கணவரும் கீழத்தஞ்சைக்கே போய் அங்கேயே வேலை செய்தார்கள். 1981இல் லாப்டி என்கிற நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலத்துக்காரர்களிடம் நேரே போய் உட்கார்ந்து விலை பேசி, வங்கியில் கடன் ஏற்பாடு செய்து, நிலமில்லாத தாழ்த்தப்பட்ட குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்தார்கள், பட்டாவைப் பெண்கள் பெயரில் போட்டார்கள். இந்தக் கடைசி வரியை இரண்டு தரம் படியுங்கள். பெண்கள் பெயரில் பட்டா. எங்கள் ஊரில் இன்றைக்கும் ஒரு பெண் பெயரில் ஒரு சென்ட் நிலம் எழுதுவதற்குள் வீட்டில் நாலு பஞ்சாயத்து நடக்கும். அவர் கூலிக்காரப் பெண்களின் பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கரை எழுத வைத்தார். கடலோரத்தில் இறால் பண்ணைகள் வயலையும் குடிதண்ணீரையும் உப்பாக்கினபோது அதையும் எதிர்த்துப் போராடினார்கள், அந்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வழக்கு கணவர் ஜெகந்நாதன் பெயரில், அதனால் சட்டப் புத்தகத்தில் அவர் பெயர்தான் இருக்கும், சரி, அது வழக்கு போட்ட முறை. ஆனால் உங்கள் முதல் பக்கத்திலும் நிலம் இல்லை, பட்டா இல்லை, இறால் பண்ணை இல்லை. ‘புன்னகை மாறாத முகம்’ இருக்கிறது.

சின்னப்பிள்ளையை எல்லோருக்கும் தெரியும் என்பீர்கள். என்ன தெரியும்? பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கின படம் தெரியும். குனிந்த பிரதமரைத்தான் அதில் எல்லோரும் பார்க்கிறோம். நிமிர்ந்து நின்றவர் மதுரைப் பக்கத்தில் புல்லுசேரியில் கூலி வேலைக்குப் போனவர், கந்துவட்டிக்காரனிடம் மாட்டாமல் இருக்கப் பெண்களைச் சேர்த்துக் களஞ்சியம் என்று சேமிக்க வைத்து, ஊர் ஊராகப் பரப்பினவர். எங்களைப் போன்ற குழுக்களுக்கெல்லாம் அவர் முன்னோடி. அரசாங்கத்தின் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கின, இவர்கள் மதுரைப் பக்கம் தனி வழியில் வந்தார்கள். 2019இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2024இல் தனக்கு வீடு கிடைக்கவில்லை என்று அவரே வெளியே சொல்ல வேண்டி வந்தது, அதன் பிறகுதான் அரசு வீடு அறிவித்தது. ஊரே காலில் விழுந்து கும்பிட்டாலும் வீட்டுக்கு அலைய வேண்டியதை அலைந்துதான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

வாச்சாத்தியைப் பற்றியும் ஒரு வரி எழுதிவிடுகிறேன். 1992 ஜூனில் தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்தில் வனத்துறை, போலீஸ் சீருடைக்காரர்கள் செய்த பாலியல் கொடுமைக்கு, பாதிக்கப்பட்ட 18 பெண்கள் கோர்ட் கோர்ட்டாக ஏறி இறங்கி, அடையாள அணிவகுப்பில் நின்று விரலை நீட்டி, 2011இல் தண்டனை வாங்கிக் கொடுத்து, 2023இல் உயர் நீதிமன்றத்திலும் அது நிலைக்கும் வரை விடாமல் நின்றார்கள். 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள், தீர்ப்பு நாளில் உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை. அந்தப் பெண்களுக்குத் துணையாகக் கட்சிக்காரர்களும் வக்கீல்களும் மலைவாழ் மக்கள் சங்கமும் நின்றார்கள், அது பெரிய காரியம், ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறினது அந்தப் பெண்கள். சமூக நீதி என்று மேடையில் பேசுகிறவர்களின் பட்டியலில் இவர்களை எப்போதாவது பார்த்ததுண்டா? பாதிக்கப்பட்டவர்கள் என்ற பட்டியலில்தான் எப்போதும் வைக்கிறோம்.

2021 தேர்தலில் நம் சட்டமன்றத்துக்கு 234 பேரில் 12 பெண்கள் போனார்கள். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு என்று 2023இல் சட்டம் போட்டாயிற்று, அதையும் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்று கட்டி வைத்தார்கள். ஊராட்சியில் பாதி கொடுத்த ஊர் கோட்டைக்குப் போகும்போது பன்னிரண்டோடு நின்றுவிட்டது. கட்சிக்காரர்களைக் கேட்டால் ‘ஜெயிக்கிற பெண் வேட்பாளர் கிடைப்பதில்லை’ என்பார்கள். ஊராட்சியில் ஜெயித்த ஆயிரக்கணக்கான பெண்கள் எங்கே போனார்கள்? அவர்களை நீங்கள் சேவைத் திலகமாக ஐந்தாம் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள், கட்சிக்காரர் அரசியல் பக்கத்தை மட்டும்தான் படிக்கிறார்.

அடுத்த மார்ச்சில் இணைப்பு போடுவீர்கள். எங்களைப் போல யாரிடமாவது அந்தச் சின்னப் பெண்ணை மறுபடியும் அனுப்புங்கள், ஆனால் ‘உங்க சேவை என்ன’ என்று ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். யாரை எதிர்த்து நின்றீர்கள், எவ்வளவு காலம் நின்றீர்கள், என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை, செலவுக்கு யார் கொடுத்தார்கள், இதைக் கேட்கச் சொல்லுங்கள். ஊராட்சித் தலைவரைக் கூப்பிடும்போது வீட்டுக்காரர் எடுத்தால் ‘தலைவரிடம் கொடுங்கள்’ என்று சொல்லச் சொல்லுங்கள், அவர் இல்லையென்றால் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடச் சொல்லுங்கள். இரண்டு தடவை அப்படிச் செய்தால் மூன்றாம் தடவை போன் சரியான கைக்குப் போய்விடும், இது நான் கண்ட அனுபவம்.

என்னைப் பற்றின குறிப்பில் ஒரு திருத்தமும் போட வேண்டும். ‘இல்லத்தரசி’ என்றிருக்கிறது. நான் 14 வருஷம் ஊக்குநர், அதில் ஆறு வருஷம் நூறு நாள் வேலையும் பார்த்தவள், அந்த வேலை அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது, வேண்டுமானால் படம் எடுத்து அனுப்புகிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது என்று தெரியும். வாசகர் கடிதப் பகுதியில் இவ்வளவுக்கு இடம் இருக்காது, வெட்டுவீர்கள். வெட்டுங்கள், என் கதையையும் தையல் மிஷினையும் முழுக்க எடுத்துவிட்டாலும் பரவாயில்லை. லீலாவதியைப் பற்றி எழுதின பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஐந்தாம் பக்கத்துக் கீழ் மூலை வாசகி